இருபத்தேழாம் விதியும் தரையிறங்காத படகும்

நாற்பத்தொன்றாம் எண் வில்லாவுக்குக் குடிவந்த டாக்டர் தேன்மொழியின் வீட்டுச் சாமான்கள் எல்லாம் இறங்கிய பிறகு, கட்டில் இறங்கி, பீரோ இறங்கி, துணி மூட்டைகளும் நாலு பூந்தொட்டிகளும் இறங்கிய பிறகு, கடைசியாக இன்னொரு லாரியில் வந்த அவள் அப்பாவின் படகை எட்டு ஆட்கள் சேர்ந்து தூக்கி வாசல் முற்றத்தில் வைக்கப் போனபோது, படகு தரைக்கு வரவில்லை. நெஞ்சுயரத்தில் நின்றுகொண்டது. ஆட்கள் கையை எடுத்தார்கள், அப்போதும் நின்றது. ஒருவன் மேலே ஏறிக் குதித்து அமுக்கிப் பார்த்தான், ஒரு பக்கமாகச் சாய்ந்து, அவன் இறங்கியதும் நிமிர்ந்து, மறுபடி அதே உயரத்தில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. லாரிக்காரர் தனக்கு வேறு சவாரி இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். ஆட்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் எங்கள் குடியிருப்பில் எல்லோரும் பேசிய விஷயம் படகு ஏன் மிதக்கிறது என்பதல்ல, படகை கேட்டுக்குள் விட்டது யார் என்பதுதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் நான். என் பெயர் கஜேந்திரன், பதினேழாம் எண் வில்லா, இன்ஷூரன்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், ஸ்வர்ணசரோவர் வில்லா உரிமையாளர் நலச் சங்கத்தின் செயலாளர். சென்னைக்குத் தெற்கே, பெரிய சாலையிலிருந்து மேற்கே திரும்பி, இரண்டு பாலங்களைத் தாண்டி வந்தால் அறுபத்து நாலு வில்லாக்கள், ஒரு நீச்சல் குளம், சுற்றிலும் எட்டடி மதில். அந்த மதிலின் உட்புறம் நெஞ்சுயரத்தில் வெள்ளம் நின்ற கறை ஒன்று ஓடும். மூன்று முறை பெயிண்ட் அடித்துவிட்டோம், மூன்று முறையும் அடுத்த மழைக்குள் வெளியே வந்துவிட்டது. படகு நின்ற உயரம் எந்த உயரம் என்று அளந்து பார்க்க எங்களில் யாருக்கும் டேப் தேவைப்படவில்லை.

சங்கத்தின் விதிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் தலைவர் ஞானசம்பந்தம் டெக்சாஸில் பதினெட்டு வருடம் இருந்து வந்தவர், அங்கே அவர் குடியிருந்த பேட்டையின் விதிப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்தவர். அதை நான்தான் உட்கார்ந்து டைப் அடித்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்தேன். அதனால் எங்கள் பத்தொன்பதாம் விதிப்படி வீட்டு வாசலில் விழும் பனியை அவரவர் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் அள்ளிவிட வேண்டும். குடியிருப்பு தொடங்கிய நாளிலிருந்து யாரும் மீறாத விதி அது ஒன்றுதான். இருபத்தேழாம் விதி இப்படிச் சொல்கிறது: படகு, கேரவன், இழுவை வண்டி ஆகியவற்றை உரிமையாளர்கள் தம் வீட்டின் முன்புறத்தில் நிறுத்தக் கூடாது. அதை டைப் அடித்த அன்று நான் சிரித்தேன். இங்கே எவன் படகு வாங்கப் போகிறான் என்று என் மனைவி சுகந்தியிடம் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

படகு நீல நிறம், ஓரத்தில் ஒரு வெள்ளைப் பட்டை, முகப்பில் மஞ்சள் எழுத்தில் தேன்மொழி என்று பெயர். மகள் பிறந்த வருடம் அப்பா வாங்கிய முதல் படகுக்கு அந்தப் பெயர் வைத்தாராம், அதற்குப் பிறகு வந்த படகுகளுக்கும் அதே பெயர்தானாம். இதையெல்லாம் அவர்கள் சொல்லித்தான் தெரியும் என்பதுபோல் நாங்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டோம். எட்டு வருடத்துக்கு முன் எங்கள் தெருக்கள் எல்லாம் ஆறாக ஓடிய அந்த டிசம்பர் நாளில், காலையிலிருந்து மாலைவரை, இந்த மஞ்சள் எழுத்தைப் பார்த்துக்கொண்டேதான் எங்களில் முக்கால்வாசிப் பேர் உயிரோடு வெளியே போனோம். அப்போது கையெடுத்துக் கும்பிட்டோம், அழுதோம், பெயர் கேட்டோம். இப்போது படகைப் பார்க்க வந்த கூட்டத்தில் ஒருவர்கூட இது அந்தப் படகு என்று வாயைத் திறக்கவில்லை. சொன்னால் இருபத்தேழாம் விதியை என்ன செய்வது?

கமிட்டி கூடியது. ஒன்பதாம் எண்ணில் இருக்கும் வக்கீல் விதியை மூன்று முறை உரக்கப் படித்துவிட்டு, நிறுத்துவது என்றால் தரையைத் தொட வேண்டும், தரையைத் தொடாத பொருளை நிறுத்தியதாகச் சட்டம் கருதாது என்றார். அப்படியானால் அது என்ன செய்கிறது என்று ஞானசம்பந்தம் கேட்டார். "போய்க்கிட்டிருக்குன்னு வெச்சுக்கலாம் சார். மெதுவா போய்க்கிட்டிருக்கு," என்றார் வக்கீல். எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. படகு தரையைத் தொடாத காலம்வரை இருபத்தேழாம் விதி அதைக் கட்டுப்படுத்தாது என்று தீர்மானம் எழுதினேன். ஒரு டாக்டரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்பதும் தீர்மானத்துக்குக் காரணம், ஆனால் அதை எழுதவில்லை.

அப்புறம் படகு எங்கள் அன்றாடத்துக்குள் வந்துவிட்டது. இஸ்திரி போடுகிறவர் தன் தள்ளுவண்டியை அதன் நிழலுக்கு நகர்த்திக்கொண்டார், சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவரும் பையன்கள் ஸ்கூட்டரை அதன் அடியில் விட்டுவிட்டு ஐந்து நிமிஷம் கண் மூடினார்கள், வேலைக்கு வரும் பெண்கள் துடைப்பத் துணிகளை அதன் விளிம்பில் காயப்போட்டார்கள், காலை நடைக்காரர்கள் அதுவரை கிளப் ஹவுஸைச் சுற்றித் திரும்பியவர்கள் இப்போது படகைச் சுற்றித் திரும்பினார்கள். கடலில் ஏற்றம் வரும் நேரங்களில் படகின் முனை ஒரு விரல் உயரும், அதைப் பார்த்து இருபத்திரண்டாம் எண் அம்மாள் தன் மருமகளிடம், மணி பதினொன்றாகியிருக்கும், குக்கரை வை என்பார். ஒரு மாதத்துக்குள், படகு மிதக்காத வில்லா ஏதோ குறையுள்ள வில்லா என்பதுபோல் சிலர் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

ஒருவர் மட்டும் பழகிக்கொள்ளவில்லை. படகின் சொந்தக்காரர் கன்னியப்பன்.

எழுபத்து நாலு வயது, கறுத்து மெலிந்த உடம்பு, வலது தோளில் கயிறு அறுத்த தழும்பு. அவர் ஊரில் கடல் மணலைத் தின்றுகொண்டே வந்து, படகு ஏற்றிவைக்க இருந்த கடைசித் துண்டுக் கரையையும் எடுத்துக்கொண்டுவிட்டது. கல் கொட்டி மணல் திரும்பும்வரை படகு என் வீட்டு வாசலில் இருக்கட்டும் அப்பா என்று மகள் கூட்டிவந்திருக்கிறாள். இந்த இடத்தில் வீடு வாங்கச் சொன்னதே அவர்தானாம். "வெள்ளத்துல வந்தேன் பாரு, அப்பவே பாத்து வெச்சேன். நல்ல இடம், நல்ல சனங்க. அம்மாம் பேரும் கும்புட்டுக்கினு போனாங்க," என்று என்னிடமே சொன்னார். என் முகம் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அன்று எங்கள் எல்லோர் முகத்திலும் மழைதான் இருந்தது.

படகு கரையேறாமல் அதன் தலைவன் வாசற்படி தாண்டக் கூடாது. அவர் குடும்பத்தில் அது வழக்கம். போகும்போது தலையை எண்ணி ஏற்றுவார்கள், வரும்போது எண்ணி இறக்குவார்கள், எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் படகை மணலில் இழுப்பார்கள், இழுத்த பிறகுதான் வீடு, சோறு, தூக்கம். அங்கே மணலில் எட்டு வருடமாக ஒழுங்காக ஏறிய படகுதான் இது. இங்கேதான் இறங்க மறுத்தது. ஆகவே கன்னியப்பன் மகள் வாங்கிய புது வீட்டுக்குள் ஒரு நாளும் காலடி வைக்கவில்லை. முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கயிற்றுக் கட்டில், அங்கேயே கஞ்சி, அங்கேயே படுக்கை, தோட்டக் குழாயில் குளியல். பங்குனி போய்ச் சித்திரை வந்தது, அக்னி நட்சத்திரமும் வந்தது. அவர் உடம்பு காய்ந்துகொண்டே போனது. இரண்டு முறை மயங்கி விழுந்தார். மயக்க மருந்து டாக்டரான மகள், ஆஸ்பத்திரிக்கும் வர மறுக்கும் அப்பாவுக்கு, படகின் விளிம்பிலேயே குளுக்கோஸ் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு ஊசி குத்தினாள்.

அவள் என் வீட்டுக்கு வந்தது அதற்கு அடுத்த நாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அங்கிள், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். வெள்ளத்தன்னிக்கு அப்பா படகுல கடைசி நடையில போனவங்க யார் யாருன்னு சங்கத்துல லிஸ்ட் இருக்கா?"

"எதுக்கும்மா?"

"அப்பா சொல்றார், இங்க எண்ணிக்கை சரியா வரலையாம். யாரோ ஏறாம விட்டுப்போச்சு, அதான் படகு இன்னும் தண்ணியிலேயே இருக்குங்கறார். அன்னிக்கு அவர் கேட்டாராம், பின்னால யாராவது இருக்காங்களான்னு. யாரோ ஒருத்தர் இல்லைன்னு சொன்னாராம். அவர் யாருன்னு தெரிஞ்சா..." அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "நான் சண்டை போடறதுக்குக் கேக்கலை அங்கிள். அப்பா இந்த வெயில்ல தாங்க மாட்டார். ஒரு டாக்டரா சொல்றேன், இன்னும் பத்து நாள் தாங்கினா பெரிசு."

"அந்தக் குழப்பத்துல லிஸ்ட் எல்லாம் யாரும்மா எடுத்தா," என்றேன். சுகந்தி சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்தாள். டாக்டர் போன பிறகு அவள் காப்பியை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த ஒருத்தர் நான்தான்.

அது கடைசி நடை, சாயங்காலம் நாலரை மணி இருக்கும். நானும் சுகந்தியும், ஞானசம்பந்தமும் அவர் மனைவியும், இன்னும் ஐந்து பேரும் ஏறினோம். எங்கள் சூட்கேஸ் ஒன்று ஏறியது. அதோடு ஒரு டிரங்குப் பெட்டியும் ஏறியது. அதில் சங்கத்தின் ஆவணங்கள், பதிவுப் பத்திரம், விதிப் புத்தகத்தின் அசல் பிரதி. செயலாளர் என்ற முறையில் அதைக் காப்பாற்றுவது என் கடமை என்று நானே சொல்லி ஏற்றினேன். கன்னியப்பன் கழியை ஊன்றிக்கொண்டு, "பின்னாடி யாருனா கீறாங்களா?" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். மோட்டார் ரூமின் மொட்டை மாடியில் எங்கள் வாட்ச்மேன் பரமானந்தம் சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டிருந்தார், பக்கத்தில் அவர் மனைவி அஞ்சலை தலையில் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படகில் ஆளுக்கு இடமில்லை. பெட்டிகளை இறக்கினால் இடமிருந்தது. இருக்கிறார்கள் என்று சொன்னால் கன்னியப்பன் தண்ணீரின் இழுப்பை எதிர்த்துப் பின்பக்கம் போவார், பெட்டிகளைத் தண்ணீரில் போடச் சொல்வார், நேரமாகும், இருட்டும், எனக்குப் பயமாக இருந்தது. "யாரும் இல்ல, கிளம்புங்க," என்றேன். கன்னியப்பன் ஒவ்வொரு தலையாகப் பார்த்து ஒன்பது என்று எண்ணிவிட்டுக் கழியை உந்தினார்.

மற்றவர்கள் மாடியைப் பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை, அவர்களும் என்னைக் கேட்டதில்லை. இரண்டு நாள் கழித்துத் தீயணைப்புப் படை வந்து அவர்கள் இருவரையும் இறக்கியது. தண்ணீர் வடிந்ததும் சங்கம் பரமானந்தத்துக்கு ஒரு போர்வை கொடுத்தது, வெள்ளத்திலும் காவலை விட்டு நகராத கடமை வீரர் என்று கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்றும் கொடுத்தது. அந்த வாசகத்தை எழுதியவனும் நான்தான்.

உண்மையைச் சொல்லிவிட்டால் முடிந்தது, ஆனால் வாய் வரவில்லை. சொல்லாமலே காரியத்தை முடிக்க வழி தேடினேன். இன்ஷூரன்ஸில் முப்பத்திரண்டு வருடம் இருந்த புத்திக்கு வழியா கிடைக்காது? எண்ணிக்கையில் குறைவது இரண்டு தலை. அந்த இரண்டு தலையையும் காதும் காதும் வைத்தாற்போல் படகில் ஏற்றிவிட்டால் கணக்கு நேராகிவிடும், படகு இறங்கிவிடும், கிழவர் வீட்டுக்குள் போவார், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பரமானந்தத்தையும் அஞ்சலையையும் கூப்பிட்டனுப்பினேன். அஞ்சலை எங்கள் கிளப் ஹவுஸில் பெருக்குகிறவள். பொதுக்குழு வருகிறது, படகில் ஒரே தூசி, இருவரும் மேலே ஏறி உட்புறத்தை நன்றாகக் கழுவுங்கள் என்றேன். பரமானந்தம் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார், சரிங்க சார் என்றார்.

நாற்பத்தொன்றாம் எண் வாசலில் கன்னியப்பன் நாற்காலியில் கண் மூடிக் கிடந்தார், கையில் ஊசி, தலைக்கு மேல் பாட்டில். டாக்டர் பக்கத்தில் நின்றிருந்தாள். பரமானந்தம் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார், படகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், பிறகு ஏறினார். அஞ்சலைக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். வாளியும் துடைப்பமும் மேலே போயின. படகு லேசாக அமிழ்ந்தது, நிமிர்ந்தது, அதே உயரத்தில் ஆடியது. நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது இறங்கவில்லை.

"நடுவுல உக்காந்து தேய்ங்க," என்றேன். நடுவில் உட்கார்ந்து தேய்த்தார்கள். இறங்கவில்லை. "ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காருங்களேன்." உட்கார்ந்தார்கள். இறங்கவில்லை. இதற்குள் இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார், நடைக்காரர்கள் நின்றுவிட்டார்கள், ஞானசம்பந்தம் பூனைபோல் பின்னால் வந்து நின்றார். கன்னியப்பன் கண்ணைத் திறந்தார்.

"இன்னா சார் இது? அவங்கள எதுக்கு ஏத்திக்கினு?"

"கழுவத்தான் பெரியவரே."

"கடல்ல போற போட்டைக் கழுவ ஆள் வெக்கிறீயா நீ?"

அப்போது பரமானந்தம் துடைப்பத்தைக் கீழே வைத்தார். மோட்டார் ஓடுகிறது, தொட்டி நிறைந்துவிட்டது என்று என்னிடம் தினமும் சொல்வாரே, அதே குரலில், கோபமே இல்லாமல் சொன்னார்.

"சார், அன்னிக்கு நீங்க சொன்னது எங்களுக்குக் கேட்டுச்சு சார். யாரும் இல்ல, கிளம்புங்கன்னீங்க. தண்ணி மேல சத்தம் நல்லா வரும்."

அஞ்சலை புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு அந்த இடத்திலேயே புதைந்துபோனால் தேவலை என்றிருந்தது. ஆனால் கன்னியப்பன் என்னைப் பார்க்கவே இல்லை. நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார், மகள் பாட்டிலை அவிழ்த்துக்கொண்டு கூடவே நடந்தாள், அவர் படகின் பக்கம் போய் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மேலே இருந்த இருவரையும் அண்ணாந்து பார்த்தார்.

"நீங்களா அது? நான் கேட்டன்யா. கேட்டுட்டுத் திரும்பிக்கூடப் பாத்தேன். மழையில ஒண்ணும் தெரில. இன்னொரு வாட்டி வந்து பாத்திருக்கணும் நானு. தப்பு எம்பேர்லதான்யா, மன்னிச்சிக்க," என்று இரண்டு கையையும் கூப்பினார். ஊசி குத்திய கையிலிருந்து ரத்தம் குழாயில் ஏறியது.

அந்தக் கும்பிடு என்னால் பார்க்கக்கூடியதாக இல்லை. "இல்ல பெரியவரே," என்றேன். "தப்பு உங்க பேர்ல இல்ல. நான்தான் சொன்னேன். அவங்க மாடியில இருந்ததைப் பாத்துட்டுத்தான் சொன்னேன். பெட்டிக்கு இடம் வேணும்னு சொன்னேன்."

கன்னியப்பன் என் பக்கம் திரும்பி, மீன் வாங்க வந்தவனைப் பார்ப்பதுபோல் சாதாரணமாக ஒரு முறை பார்த்தார், அவ்வளவுதான். பிறகு மேலே இருந்தவர்களை நோக்கிக் கை நீட்டி, முதலில் அஞ்சலையை, அடுத்து பரமானந்தத்தை, "பத்து," என்றார், "பதினொண்ணு," என்றார். படகு இறங்கத் தொடங்கியது. மாடியிலிருந்து சாமான் இறக்குவதுபோல் நிதானமாக இறங்கி, சிமெண்ட் கல்லில் கரகரவென்று அடிப்பக்கம் உரச, இடது பக்கம் சற்றுச் சாய்ந்து தரையில் உட்கார்ந்தது. கன்னியப்பன் அதன் முகப்பை இரண்டு தட்டுத் தட்டினார், மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசற்படி ஏறினார், வீட்டுக்குள் போய் அன்று முழுவதும் மறுநாள் முழுவதும் தூங்கினார்.

இத்தோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆனால் படகு தரையைத் தொட்ட கால் மணி நேரத்துக்குள், கூட்டம் கலையும்போதே, ஞானசம்பந்தம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "கஜேந்திரன், இப்ப அது நிக்குது," என்றார். வக்கீலும் அதை மறுக்கவில்லை. அவர் எழுதச் சொன்ன தீர்மானத்தில் தரையைத் தொடாத காலம்வரை என்று என் கையெழுத்தோடு இருந்தது. இருபத்தேழாம் விதி படகின்மேல் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. ஐம்பத்தெட்டு வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். நான் எழுந்து, வெள்ளத்தன்று நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன், டிரங்குப் பெட்டியில் என்ன இருந்தது என்பதையும் சொன்னேன். இது நம்மைக் காப்பாற்றிய படகு, எல்லோருக்கும் தெரியும், இதற்கு மட்டும் விதியைத் தளர்த்துங்கள் என்று கேட்டுக்கொண்டேன். இருபத்திரண்டாம் எண் அம்மாள் மூக்கைச் சிந்தினார். ஒருவர், பாவம் கஜேந்திரன், மனசுல எவ்வளவு வெச்சுக்கிட்டு இருந்திருக்கார் என்று என்னைப் பரிதாபப்பட்டார். ஞானசம்பந்தம் தொண்டையைக் கனைத்து, "இதையெல்லாம் மினிட்ஸ்ல ஏத்த வேணாம்," என்றார், எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். படகு மிதந்ததை எப்படித் துணி காயப்போட்டுச் சரிக்கட்டினார்களோ, அப்படியே நான் சொன்னதையும் சரிக்கட்டிவிட்டார்கள். மிதந்தபோது அழகாக இருந்தது, தரையில் கிடந்தால் வெறும் படகு, மீன் வாடை அடிக்கிறது, விற்கப் போனால் வில்லாவுக்கு மதிப்பிருக்காது என்று பேச்சு வந்தது. விதியைத் தளர்த்தக் கை தூக்கியவர்கள் ஏழு பேர், என்னையும் சேர்த்து.

டாக்டர் தேன்மொழி எழுந்து போகும்போது என் பக்கத்தில் நின்று, "அப்பா காலையில டைனிங் டேபிள்ல உக்காந்து இட்லி சாப்பிட்டார் அங்கிள்," என்று மட்டும் சொன்னாள். அவள் அதை நன்றியாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பதினைந்து நாளுக்குள் படகை அப்புறப்படுத்த வேண்டும் என்ற நோட்டீஸைச் செயலாளர்தான் அனுப்ப வேண்டும். நான்தான் டைப் அடித்தேன், நான்தான் கையெழுத்துப் போட்டேன். ராஜினாமாக் கடிதத்தை மறுநாள் கொடுத்தேன். ஒரு நாள் முன்னால் கொடுத்திருக்கலாம்.

கன்னியப்பன் பதினைந்து நாள் காத்திருக்கவில்லை. தெற்கே அவர் மச்சான் ஊரில் கொஞ்சம் மணல் பாக்கி இருக்கிறதாம், அங்கே கொண்டுபோய் ஏற்றிவைக்கிறேன், நானும் அங்கேயே இருந்துக்கிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டார். எட்டு ஆட்கள் வந்து தூக்கினார்கள், படகு எல்லாப் படகையும்போல் கனத்தது, திட்டிக்கொண்டே லாரியில் ஏற்றினார்கள். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்த கன்னியப்பன், லாரி கேட்டைத் தாண்டும்போது பரமானந்தத்தைக் கூப்பிட்டு, அஞ்சலையையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் வா, மீன் குழம்பு வைக்கச் சொல்கிறேன் என்றார். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நான் எங்கே போய் விழுந்திருப்பேனோ தெரியாது.

லாரி திரும்பி மறையும்வரை நானும் பரமானந்தமும் கேட் பக்கத்தில் நின்றோம். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்.

"ஏன் பரமானந்தம், எட்டு வருஷமா ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

அவர் தொப்பியைக் கழற்றி, உள்ளே படிந்த வேர்வையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"அஞ்சலை கேக்கத்தான் சொன்னா சார். நான்தான் வேணாம்னேன். காலையில வாக்கிங், அப்புறம் பேங்க், கடை, கோயிலுன்னு ஒரு நாளைக்கு நாலு தடவையாவது இந்த கேட்டைத் தாண்டுறீங்க. எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சுட்டா, அப்புறம் எப்படி சார் தாண்டுவீங்க?"

அன்று சுகந்திக்கு மாத்திரை வாங்க வேண்டியிருந்தது, அதற்காகத்தான் கையில் பையோடு வந்திருந்தேன். பரமானந்தம் தொப்பியைப் போட்டுக்கொண்டு தடுப்புக் கம்பத்தை உயர்த்திப் பிடித்தார். வெளியே சாலையில் இரண்டு பஸ் போயின. அவர் கையை இறக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார், நான் உள்பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.